மூன்றாவது கண்ணாடி

எங்கள் ஸ்கூட்டரில் மூன்று கண்ணாடிகள் இருந்தன. இரண்டு, எல்லா ஸ்கூட்டர்களிலும் இருப்பவை. மூன்றாவது லாரிகளில் மாட்டுகிற பெரிய கண்ணாடி. நடுவில் புடைத்து, பின்னால் கிடக்கும் தெருவையெல்லாம் சின்னதாகச் சுருக்கிக் காட்டுகிற வகை. அப்பா அதைப் பழைய சாமான் கடையில் வாங்கி, ஒரு துண்டு இரும்புக் குழாயை வெல்டிங் வைத்து, வண்டியின் இடது பக்கக் கம்பியில் பொருத்தியிருந்தார். மைசூரில் அப்படி ஒரு ஸ்கூட்டர் வேறு யாரிடமும் இருந்திருக்காது. எங்கள் தெருவில் மாவு மில் வைத்திருந்தவர், அப்பா கடந்து போகும்போதெல்லாம், "ஏன் சார், உங்க வண்டி முன்னால போகுதா, பின்னால போகுதா?" என்று கன்னடத்தில் கேட்பார். அப்பாவும் சிரிப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு, கல்லூரித் தோழிகள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று மானம் போகும். அந்தக் கண்ணாடி எதற்கு என்று யாராவது அன்றைக்கு நிறுத்திக் கேட்டிருந்தால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சரியாகப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

அப்பா ரயில் ஓட்டினார். இப்போது லோகோ பைலட் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள்; எங்களுக்கு அன்றும் இன்றும் டிரைவர்தான். தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர் பக்கம் ராகி விளைகிற காட்டிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். அம்மாவும் அந்தப் பக்கத்துக்காரிதான். வாசலுக்கு வெளியே கன்னடம், உள்ளே ஹனூர்த் தமிழ் என்று வாழ்ந்த குடும்பம். ரயில் இன்ஜினில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே சிக்னல் தெரிந்ததும் டிரைவர் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கும் உதவி டிரைவர் தன் கண்ணால் பார்த்து, அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் கண் ஏமாந்தாலும் இன்னொருவர் கண் காப்பாற்றும் என்பதற்காக வைத்த ஏற்பாடு. அப்பா அந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

நாங்கள் எங்காவது கிளம்பினால் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கேஸு?" என்பார். "மூடியாச்சுங்க" என்று அம்மா குரல் கொடுப்பாள். "பொறக்கடைக் கதவு?" "பூட்டியாச்சுங்க." "மோட்டார்?" இது என் பங்கு. "நிறுத்தியாச்சுங்கப்பா!" என்று கத்துவேன். எனக்கு அது விளையாட்டு. வந்து போகும் சொந்தக்காரர்களுக்கு அது வேடிக்கை, கொஞ்சம் பெருமையும் கூட. ரயில்வேக்காரர் வீடுன்னா சும்மாவா என்பார்கள். அப்பா அம்மாவை வெளியாட்களிடம் 'என் அசிஸ்டென்ட்' என்றுதான் அறிமுகம் செய்வார். சில நாள் தெருமுனை வரை போன பிறகு மறுபடி "கேஸு?" என்று கேட்பார். மறுபடி சொல்வோம். திருப்பிச் சொல்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

நான் நடுநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலை, அப்பா ஓட்டிவந்த வண்டியில் ஒருவர் அடிபட்டுச் செத்துப்போனார். ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி, வயல்களுக்கு நடுவே, புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தவர். அப்பா ஹாரனை அழுத்தியபடியே பிரேக் போட்டிருக்கிறார். ரயில் நினைத்த இடத்தில் நிற்கிற வாகனம் அல்ல. ரயில் ஓட்டுகிறவர்களில் அநேகம் பேருக்கு வாழ்க்கையில் ஒரு முறையாவது இது நடக்கும். மற்ற டிரைவர்கள் வீட்டுக்கு வந்து, உன் தப்பு இதில் ஒன்றுமில்லை என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அப்பா சில நாள் விடுப்பு எடுத்தார், கோயிலுக்குப் போனார், திரும்ப வேலையில் சேர்ந்தார். அந்த மனிதரைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "வண்டிக்குள்ள ஒன்னுமே தெரியல கண்ணு. ஒரு குலுக்கல் கூட இல்ல. ஒரு உசுரு போயிருக்குது, எனக்கு ஒன்னுமே தெரியல."

அந்தச் சொல்லுக்குள் என்ன இருந்தது என்று புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. ஒரு மனிதனைக் கொன்றுவிட்டு அது தெரியாமலே போய்க்கொண்டிருக்க முடியும் என்பதை அப்பா அன்று தெரிந்துகொண்டுவிட்டார். இன்ஜினில் அவருக்குத் தொந்தரவு இல்லை. அங்கே பக்கத்தில் ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவார். நோய் அவரைப் பிடித்தது ஸ்கூட்டரில். அங்கே அவர் தனி ஆள்.

முதல் தடவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் வழி. மழை பெய்து விட்டிருந்தது. முன் சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது. அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"கண்ணு, பின்னால ஆரும் விழுகலையே?"

"ஆருமில்லீங்கப்பா."

"நல்லாத் திரும்பிப் பாத்தயா?"

"பாத்தேனுங்கப்பா. ஆருமில்லீங்க."

கொஞ்ச தூரம் போனோம். அப்பா வண்டியைத் திருப்பினார். அதே குழிக்கு வந்தோம். குழியில் செம்மண் தண்ணீர் நின்றிருந்தது. அப்பா இறங்கி, பக்கத்துச் சாக்கடையை எட்டிப் பார்த்தார். மழையில் நனைந்த காக்கை ஒன்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு முதல் வகுப்பு எனக்குப் போயிற்று. அதற்குப் பிறகு அந்த வகுப்பின் ஆசிரியை என்னை அடிக்கடி வாசலில் நிறுத்தினாள். அப்பாதான் நேரத்துக்கு வராத பிள்ளையாக என்னை ஆக்குகிறார் என்று எனக்குக் கோபம் வரும். கோபத்தைக் காட்டவும் முடியாது. அப்பா என்ன குடித்துவிட்டா வந்தார், கை நீட்டி அடித்தாரா? யாருக்காவது அடிபட்டிருக்குமோ என்று பயப்படுகிற மனிதரை என்னவென்று கோபித்துக்கொள்வது? ஊரே அவரை நிதானமான மனுஷன் என்றது. ஸ்கூட்டரை அப்படி ஓட்டுகிறவரிடம் ரயிலை நம்பி ஒப்படைக்கலாம் என்றது.

பதில் சொல்வதிலும் ஒரு முறை இருந்தது. திரும்பிப் பார்க்காமல் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். சலிப்போடு சொன்னால் அது பதிலாகாது, மறுபடி கேட்பார். தயங்கிச் சொன்னால் வண்டி திரும்பிவிடும். உறுதியாக, சட்டென்று, சிக்னல் பார்த்துச் சொல்கிற குரலில் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அந்தக் குரல் அற்புதமாக வந்தது. நான் வளர வளர, அப்பாவின் பின் சீட்டு முழுக்க அம்மாவுடையதாயிற்று. அவர் ஓய்வு பெற்ற பிறகு கேட்கவே வேண்டாம். முடி வெட்டிக்கொள்ளப் போனாலும் அம்மா கூடப் போவாள். சலூன் வாசலில் நிற்பாள். தன் தாய்வீட்டுத் திருவிழாவுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டால், "நான் போய்ட்டா உங்கப்பனுக்கு ஆரு சொல்றது?" என்பாள். ஏதோ வயதான குழந்தைக்குச் சோறு ஊட்டுவதைச் சொல்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொல்வாள்.

திரும்பித் திரும்பிப் பார்த்ததில் அம்மாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அந்த மூன்றாவது கண்ணாடி அம்மாவின் யோசனைதான். "ஏனுங்க, லாரிக்கு வெக்கற மாதிரி ஒன்னு வெச்சுட்டா நான் கழுத்தைத் திருப்பாமயே பாத்துச் சொல்லிருவனல்லோ" என்றாளாம். அப்பா அன்றே கடைக்குப் போனார். அம்மா ஒருத்தரிடமும் முறையிடவில்லை. எங்கள் மூவரில் அந்தக் கண்ணாடியைப் பார்த்து வெட்கப்பட்டது நான் மட்டும்தான். இது வியாதி என்று நினைக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்களைப் பொறுத்தவரை அது ரயில்வேப் பழக்கம், கூடவே அப்பாவின் நல்ல மனசு.

அம்மா போன நாளைச் சொல்லியாக வேண்டும். நான் மைசூரிலேயே, ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். செய்து முடித்த உருப்படிகளில் குறை இருக்கிறதா என்று சோதிப்பது என் பிழைப்பு, அப்பாவின் மகள்தானே. அன்று காலை கம்பெனி பஸ்ஸில் நான் போன பிறகு அம்மாவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. வாயு என்று நினைத்துச் சுக்குத் தண்ணீர் குடித்திருக்கிறாள். வலி கைக்கும் இறங்கவே, அப்பா வண்டியை எடுத்திருக்கிறார். ஆட்டோ பிடிக்கிற நேரத்தில் போய்விடலாம் என்று அம்மாவே சொன்னாளாம். ஆஸ்பத்திரிக்குக் குறுக்கு வழி, தேவராஜ மொஹல்லாவின் மார்க்கெட் சந்துகள் வழியாக.

அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவர், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற எங்கள் ஊர்க்காரர். ஹனூரிலிருந்து வந்து அங்கேயே வயதானவர். அப்பாவை நன்றாகத் தெரியும். வாழைத்தார் இறக்குகிற இடத்தில் தரையெல்லாம் தண்டும் சருகும் கிடக்கும். வண்டி எதன் மீதோ ஏறி இறங்கியிருக்கிறது. அப்பா நிறுத்திக் கேட்டிருக்கிறார்.

"உங்கம்மா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு, 'ஆருமில்லீங்க, போங்க போங்க'ன்னுதான் அம்மிணி சொன்னாங்க. கொரலே வரல. எனக்கே செரியாக் கேக்கல" என்றார் ஊர்க்காரர்.

அந்தக் குரலை என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அம்மா கடைசியாகச் சொன்ன பதிலில் உறுதி இல்லை. வலியில் குரல் உடைந்திருந்தது. அதனால் அது அப்பாவுக்குப் பதிலாகவில்லை. கொஞ்ச தூரம் போய், வண்டியைத் திருப்பியிருக்கிறார். அது ஒருவழிப் பாதை. மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு, காலை நேர நெரிசலில் புகுந்து, அதே இடத்துக்கு வந்திருக்கிறார். இறங்கி வாழைச் சருகைக் காலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா சீட்டிலிருந்து சாய்ந்துவிட்டாள். ஊர்க்காரரும் இன்னும் சிலரும் ஓடிவந்து தாங்கி, ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் டாக்டரிடம் கேட்டேன். பெரிய அட்டாக், வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவர் நேர்மையாகத்தான் சொன்னார். அந்த நேர்மையைத் தாங்குகிற ஆள் எங்கள் வீட்டில் இல்லை. அப்பா, துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "நான் திரும்பாம இருந்திருந்தாப் பொழச்சிருப்பாளா?" வந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? விதி முடிந்துவிட்டது, பறந்து போயிருந்தாலும் நடக்காது, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்றார்கள். அவர் முகம் ஒரு நிமிடம் தெளியும். அடுத்த ஆள் படியேறி வந்ததும் அதே கேள்வி. அப்பா அழவே இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் மேல் பாசமும் வெறுப்பும் சேர்ந்து வந்தன. எது எவ்வளவு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் ஊர்க்காரர் எனக்குப் போன் செய்தார். "அம்மிணி, உங்கப்பா தெனமும் இங்க வர்றாருங்க. அன்னைக்கி இங்க ஆராச்சும் அடிபட்டாங்களான்னு கடை கடையா கேக்கறாரு. இல்லீன்னு சொன்னாப் போறாரு, சித்த நேரத்துல மறுபடியும் வர்றாரு. பாக்கச் சங்கட்டமா இருக்குதுங்க." பெண்டாட்டி செத்துப்போனாள், மனிதர் இன்னும் வாழைச் சருகுக்கு அடியில் வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தார். அன்றுதான் எனக்கு முதல் முறையாக, இது சுபாவம் இல்லை, நோய் என்று உறைத்தது.

மனநல டாக்டர் மாத்திரை எழுதினார். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றும், மாத்திரை மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்றும் சொல்லி ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். நாங்கள் அவரை மேடம் என்போம். என்னைவிட வயதில் சிறியவர், கன்னடத்துக்காரர், பேச்சு குறைவு. இதற்கு ஓ.சி.டி. என்று பெயர், எண்ணச் சுழற்சி நோய் என்று அவர்தான் விளக்கினார். யாரையாவது இடித்துவிட்டேனோ என்கிற எண்ணம் எல்லோருக்கும் ஒரு கணம் வரும், போய்விடும். இந்த நோய் உள்ளவருக்கு அது போகாது. மூளைக்குள் அபாய மணி அடித்துக்கொண்டே இருக்கும். மணியை நிறுத்தத் திரும்பிப் போய்ப் பார்ப்பார், அல்லது கேட்பார். பார்த்ததும் நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் பொறி. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், பார்த்தால்தான் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை மணி இன்னும் பலமாக அடிக்கிறது. அந்த ரயில் விபத்தால்தான் வந்ததா என்று கேட்டேன். அப்படிச் சொல்லிவிட முடியாது, உள்ளே ஏற்கெனவே இருந்திருக்கும், இந்த நோய் அவரவர் எதற்கு அதிகம் பயப்படுகிறாரோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார். பல ஆண்டுகளுக்கு முன்பே சிகிச்சைக்கு வந்திருந்தால் பல ஆண்டுகளுக்கு முன்பே குறைந்திருக்கும் என்பதையும் நான் கேட்டதால் சொன்னார்.

வீட்டில் இனி யாரும் பதில் சொல்லக் கூடாது என்று அவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் எங்கள் அம்மா இத்தனை வருஷம் செய்தது தப்பா?" என்று சண்டைக்குப் போகிற மாதிரி கேட்டேன்.

"தப்பில்லை. பாசத்தில் செய்தார். ஆனால் அது பாசம் என்று நோய்க்குத் தெரியாது. அதற்கு அது தீனி" என்றார் மேடம். அன்றைக்கு அவரை எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவின் படத்தைத் திரும்பிப் பார்க்கவும் கூசியது.

சிகிச்சை என்றால் சோபாவில் சாய்ந்து பழங்கதை பேசுவது என்று நினைத்திருந்தேன். இது கடும் உடற்பயிற்சிக்குச் சமானம். பயத்தைச் சின்னதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக வேண்டுமென்றே எதிர்கொள்ள வேண்டும். எதிர்கொண்ட பின் திரும்பிப் பார்க்கக் கூடாது, கேட்கக் கூடாது. பயம் ஏறும், உச்சிக்குப் போகும், ஒன்றும் செய்யாமல் இருந்தால் தானாகத் தணியும். தணிகிறது என்பதை உடம்பே கற்றுக்கொள்ள வேண்டும். போகப் போக, தணிகிறதோ இல்லையோ, சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த வேலையைப் பார்க்கப் பழக வேண்டும். மூன்றாவது கண்ணாடியை முதலில் கழற்றச் சொன்னார் மேடம். அப்பாவே ஸ்பேனரை எடுத்துக் கழற்றினார். மற்ற இரண்டும் இருந்தன. எல்லோரும் பார்க்கிற அளவுக்குப் பார்க்கலாம், துருவிப் பார்க்கத்தான் கூடாது. கழற்றிய கண்ணாடியை என்ன செய்வதென்று தெரியாமல் வராந்தாவில் வைத்திருந்தோம். நலம் விசாரிக்க வந்த ஊர்க்காரர், சவரம் செய்துகொள்ள ஆகும் என்று கேட்டு வாங்கிப் போனார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் தெருவில் வேகத்தடை ஒன்று உண்டு. பயிற்சியின் ஆரம்பத்தில் மேடமே அப்பாவின் பின்னால் உட்கார்ந்தார். நான் நடைபாதையில் நின்று பார்த்தேன். வண்டி தடையில் ஏறி இறங்கியது. கொஞ்சம் தள்ளி அப்பா நிறுத்திவிட்டார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"மேடம், பின்னால யாராவது..." என்று கன்னடத்தில் ஆரம்பித்தார்.

"கொத்தில்லா சார்" என்றார் மேடம். தெரியாது.

"நீங்க பின்னால தானே உக்காந்திருக்கீங்க?"

"ஆமாம் சார். ஆனாலும் தெரியாது. உங்கள் மனசு என்ன சொல்கிறது?"

"யாரோ விழுந்திருக்காங்கன்னு சொல்லுது."

"இரபஹுது" என்றார் மேடம். இருக்கலாம். "நீங்களும் அதையே சொல்லுங்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்."

அப்பா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் அப்பா என்று கத்திவிடலாமா என்று இருந்தது எனக்கு. ரயில் ஓட்டிய மனிதர் ஒரு சின்னத் தெருவில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். தெருவில் போனவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். வெகுநேரம் கழித்து அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. "இரபஹுது" என்று சொன்னார். எங்களிடம் இல்லை, தரையைப் பார்த்து.

அந்தச் சொல்லைக் கன்னடத்திலேயே பிடித்துக்கொண்டார். கேஸ் அடுப்பைக் கடக்கும்போது, குழியில் ஏறி இறங்கும்போது, முணுமுணுப்பார்: இரபஹுது. தமிழில் சொல்லிப் பாருங்கள் என்று மேடம் ஒரு முறை சொன்னார். அப்பாவால் முடியவில்லை. எங்கள் வீட்டில் தமிழ், பதில் கிடைக்கிற மொழி. அந்த மொழியில் சந்தேகத்தோடு இருக்க அவர் பழகவில்லை. நானும் பழகினேன், பதில் சொல்லாமல் இருக்க. "கண்ணு, கேஸு மூடினயா?" என்று அடுக்களை வாசலில் வந்து நிற்பார். "இது உங்க வியாதி கேக்கற கேள்விங்கப்பா, நான் பதில் சொல்ல மாட்டனுங்க" என்பேன். முகம் சுருங்கிப் போவார். பெற்ற தகப்பனைப் பட்டினி போடுவது போல இருக்கும். சில வாரம் முன்னேறுவார், ஒரு சின்னக் குலுக்கலில் எல்லாம் பழையபடி ஆகும். நடுவே ஒரு மாதம் ஸ்கூட்டரைத் தொடவே இல்லை. தொடாமல் இருப்பதும் நோய்க்குக் கட்டுப்படுவதுதான் என்று மேடம் மறுபடி வண்டியில் ஏற்றினார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி ஒன்று அந்த வரிசையின் உச்சியில் இருந்தது. அதை யாரும் எழுப்பவில்லை. மேடம் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்: "ஒரு நாள் உங்களிடம் கேட்பார். பொய் சொல்ல வேண்டாம். தண்டிக்கவும் வேண்டாம்."

கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். அப்பா எதிரே தரையில் உட்கார்ந்து, அவரும் உரித்தார். கையை நிறுத்தாமல் கேட்டார்.

"கண்ணு, அன்னைக்கி நான் வண்டியத் திருப்பாம இருந்திருந்தா உங்கம்மா இருந்திருப்பாளா?"

எனக்குள்ளே அம்மாவின் குரல் தயாராக இருந்தது. உறுதியான, சட்டென்று வருகிற குரல். இல்லீங்கப்பா, விதிங்க என்று சொல்லிவிட்டால் சாப்பிட உட்கார்ந்துவிடலாம். நாளைக்கும் கேட்பார், நாளைக்கும் சொல்லலாம். நான் சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

"தெரியலீங்கப்பா" என்றேன். "இருந்திருக்கலாம்."

அவர் தலை நிமிரவில்லை. நான் மேலும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார் போலும். சொல்லவில்லை. எனக்கும் உண்மையில் வேறெதுவும் தெரியாது. அவர் கையிலிருந்த காய் நசுங்கியிருந்தது. அதைத் தரையில் வைத்துவிட்டு, "இருந்திருக்கலாம்" என்று அவரும் சொன்னார். தமிழில் சொன்னார். அதன் பிறகுதான் அழுதார். அம்மா போன பிறகு அப்பா அழுதது அதுதான் முதல் தடவை. கேட்டுக்கொண்டே இருந்ததால் இத்தனை காலம் அவருக்கு அழ நேரமே கிடைக்கவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இருவரும் அன்று சமைக்கவில்லை.

இதை ஒரு வெற்றிக் கதையாக நான் சொல்ல மாட்டேன். அப்பா இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறார், மேடத்தை அவ்வப்போது பார்க்கிறார், கெட்ட நாட்கள் இப்போதும் வருகின்றன. ஆனால் தனியாக ஸ்கூட்டரில் போய்க் காய்கறி வாங்கி வருகிறார். நோய் விலகிய இடத்தில் அம்மா இல்லாதது வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மருந்தும் பயிற்சியும் கிடையாது, அது நோயும் இல்லை.

சமீபத்தில் அம்மாவின் திதி வந்தது. முந்தைய நாள் காலையில் பூவும் வாழையிலையும் வாங்க, அப்பாவின் பின்னால் நானும் உட்கார்ந்து போனேன். குறுக்கு வழியில்தான் போனார். வண்டியின் இடது பக்கத்தில் அந்த இரும்புக் குழாய் துண்டு மட்டும் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கிறது. வெட்டி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. வாழைத்தார் இறக்குகிற இடத்துக்கு வந்தோம். தரை முழுக்கச் சருகு. வண்டி எதன் மீதோ ஏறி, நன்றாகவே குலுங்கி இறங்கியது. அப்பாவின் முதுகு விறைத்ததை என் கை உணர்ந்தது.

அங்கே ஒரு தூணில் எங்கள் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. சவரத்துக்கு முகம் ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது என்று, மூட்டைக்காரர்கள் தலை சீவிக்கொள்ள ஊர்க்காரர் அங்கே மாட்டிவிட்டாராம். ஆணியில் கொஞ்சம் சாய்ந்து தொங்கியது. கடந்து போகிற ஒரு கணத்தில் எல்லாம் அதில் தெரிந்தது. அப்பா, அவர் பின்னால் அம்மாவின் இடத்தில் நான், எங்களுக்குப் பின்னால் சருகு கிடக்கும் சந்து.

அப்பா அதன் பக்கம் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தவும் இல்லை. ஆருமில்லீங்கப்பா என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அப்பா பூக்கடை வாசலில்தான் வண்டியை நிறுத்தினார்.